ஒத்துக்காரரும் டபுள் பேஸும்

1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையினால் பற்றரியும் கிடைக்காமல் இருந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களுள் நானும் ஒருவன். செய்திக்காகத்தான் சுற்றினோம். ஆனாலும் செய்தி முடிந்த பின்னர் சிற்றலையில் முள்ளை நகர்த்திக்கொண்டிருப்பது என் வழக்கம். அப்படித்தான் அமெரிக்கக் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் 1955 முதல் நடத்திவந்த ஜாஸ் நிகழ்ச்சி என் காதில் விழுந்தது. சக்ஸபோன் கேட்டது, ட்ரம்பெட் கேட்டது, பியானோவும் இரைச்சலுக்கு நடுவே ஓரளவு கேட்டது. குழுவின் அடித்தள ஒலியைத் தரும் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் மட்டும் கேட்கவில்லை. அதன் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவைதான் அதிர்கிறது என்பதும், கையகல ஒலிபெருக்கியால் அந்த ஒலியைத் தர இயலாது என்பதும் பிற்காலத்தில் அறிந்துகொண்டவை. பல ஆண்டுகளுக்குப் பின்னர், நல்ல ஹெட்ஃபோன் ஒன்றில் அதே வகை இசையைக் கேட்டபோது, அதுவரை கூரையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாக எண்ணியிருந்தேன் என்பது புரிந்தது.

1963 முதல் 1968 வரை ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் வாசித்தவரும், 2,221 ஒலிப்பதிவுகளுக்காகக் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றவருமான ரொன் கார்ட்டர், குழு எத்திசையில் போக வேண்டும் என்பதை டபுள் பேஸ்காரரே தீர்மானிக்கிறார் என்ற கருத்தை நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வலியுறுத்தி வருகிறார். முதலில் படித்தபோது, தன் வாத்தியத்தின் மீது ஒரு கலைஞருக்கு இருக்கும் இயல்பான பற்று என்றே இதை எடுத்துக்கொண்டேன். கர்நாடக இசையில் சற்றேனும் பழகிய காதுக்கு இது அப்பட்டமான உண்மை என்பது கிரகபேதத்தை, அதாவது சுவரங்களை மாற்றாமல் ஆதார சட்ஜத்தை மட்டும் மாற்றி வேறு ராகம் பெறுவதை, நினைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மோகன ராகத்தின் ஐந்து சுவரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரம் ஒன்றையும் மாற்றாமல், ரிஷபத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டால் அது மத்தியமாவதி. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்தசாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்ததன்யாசி. மேலே எதுவும் மாறவில்லை. கீழே எது சட்ஜம் என்பது மட்டுமே மாறியது, அதனால் உணர்ச்சி முழுவதும் மாறிவிட்டது. ஜாஸில் டபுள் பேஸ்காரர் செய்வதும் இதற்கு மிக நெருங்கிய காரியம். பியானோக்காரர் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது பிறக்கும் தெளிவான மகிழ்ச்சி, டபுள் பேஸ்காரர் அதன் கீழே சதுஸ்ருதி தைவதத்தை ஒலித்த கணத்திலேயே மங்கி வேறொரு சாயலாகிவிடுகிறது; பியானோக்காரரின் விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஆனால் அவர் வாசித்ததன் பொருளை இன்னொருவர் மாற்றிவிட்டார். நமது கச்சேரியில் தம்பூராவின் ஆதாரம் அசையாது; அது அசையாமல் இருப்பதனால்தான் வித்துவான் மேலே எவ்வளவு தூரமும் போய்வர முடிகிறது. ஜாஸில் அந்த ஆதாரமே நடக்கிறது. நிமிடத்துக்கு 240 தாள அடிகள் கொண்ட வேகமான உருப்படியில் செக்கனுக்கு நான்கு சுவரங்கள் வீதம், ஒவ்வொன்றும் மேலே ஒலிப்பதற்கு ஒரு பொருளைக் கொடுத்துக்கொண்டே போகிறது.

இதனை முற்றிலும் வேறு வழியில் காட்டியவர் டபுள் பேஸ் கலைஞர் சார்லி ஹேடன். 1959 நவம்பரில் சக்ஸபோன் கலைஞர் ஓர்னெட் கோல்மன் நியூ யோர்க்கின் ஃபைவ் ஸ்பொட் என்ற இசைக்கூடத்தில் வாசிக்கத் தொடங்கியபோது அவருடைய குழுவில் பியானோ இல்லை. முன்கூட்டி வகுத்த சுவரக்கூட்டு வரிசையும் இல்லை. ஹேடன் கோல்மனின் மெட்டைக் காதால் பின்தொடர்ந்து, அது எங்கே போகிறதோ அங்கே அப்போதைக்கப்போது ஒரு தரையை அமைத்துக் கொடுத்தார். சிறு வயதில் குடும்பத்தாருடன் வானொலியில் நாட்டார் பாடல்களைச் சேர்ந்து பாடி வளர்ந்தவருக்கு, மற்றவரின் குரலுக்குக் கீழே தன் குரலை எங்கே வைப்பது என்பது இரத்தத்தில் ஊறியிருந்தது என்றே நான் நம்புகிறேன். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் குழுவில் டபுள் பேஸ் வாசித்த ஸ்கொட் லஃபாரோவோ பியானோவுடன் சரிக்குச் சரியாக உரையாடினார். 1961 ஜூன் 25ஆம் திகதி வில்லேஜ் வங்கார்ட் என்ற இசைக்கூடத்தில் ஒலிப்பதிவு செய்து 11 நாட்களில், தமது 25ஆவது வயதில், வீதி விபத்தில் இறந்துபோனார். அந்த ஒலிப்பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

விமர்சகர்கள் பலர் இந்தத் தரையைக் கேட்பதில்லை என்பதே எனது மனக்குறை. 1961 நவம்பரில் டவுன்பீட் என்ற ஜாஸ் சஞ்சிகையில் ஜோன் டைனன் என்ற விமர்சகர், சக்ஸபோன் கலைஞர்களான ஜோன் கோல்ட்ரேனும் எரிக் டொல்ஃபியும் வாசித்ததை ஜாஸுக்கே எதிரானது என்று எழுதினார்; பியானோ, டபுள் பேஸ், ட்ரம்ஸ் அடங்கிய நல்லதொரு தாளப் பிரிவு அந்த இரு குழல்களுக்கும் பின்னால் வீணாகிறது என்பது அவருடைய முறைப்பாடு. எனக்கு அந்தப் 'பின்னால்' என்ற எண்ணம்தான் உறுத்துகிறது. அதே மாதத்தில் வில்லேஜ் வங்கார்டில் அவர்கள் ஒலிப்பதிவு செய்த 'இந்தியா' என்ற உருப்படியில் ரெஜி வேர்க்மனும் ஜிம்மி கரிசனும் இரண்டு டபுள் பேஸ்களைச் சேர்த்து ஒரே ஆதாரத்தைத் தம்பூரா போல நிலைநிறுத்துகிறார்கள். குழல்கள் கட்டறுந்து பறப்பது போலத் தோன்றுவதெல்லாம் அந்த ஆதாரத்தைக் கேட்டால் முறையான சஞ்சாரமாகிவிடுகிறது. தம்பூராவுக்குப் பழகியவருக்கு அதில் குழப்பம் எதுவுமில்லை.

1962 ஏப்ரலில் அதே சஞ்சிகையில் கோல்ட்ரேனும் டொல்ஃபியும் பதில் கூறினார்கள். டொல்ஃபி அங்கே சொன்ன ஒன்று மிக எளியது: விளங்காத ஏதாவது புதிதாக நிகழும்போது விமர்சகர் இசைக் கலைஞரிடமே கேட்க வேண்டும். கோபமே இல்லாத இந்த வேண்டுகோளை விடச் சரியான ஒன்றை விமர்சனத்தைப் பற்றி நான் படித்ததில்லை.

எங்கள் ஒழுங்கையில், நாதஸ்வரத்துக்குச் சுருதி தரும் ஒத்துக் குழலை ஊதும் ஐயா ஒருவர் இருந்தார். கோயில் திருவிழாக்களில் இரண்டு நாதஸ்வரங்களுக்கும் தவில்களுக்கும் நடுவே, கன்னத்தில் காற்றை அடக்கி, மூச்சு அறுபடாமல் மணிக்கணக்காக ஒரே சுவரத்தை ஊதுவார். ஒருமுறை ஒரு பத்திரிகை அந்தக் குழுவைப் பற்றிப் பாராட்டி எழுதியபோது எல்லோருடைய பெயரும் இருந்தது, அவருடைய பெயரைத் தவிர. பின்னர் சுருதிப் பெட்டி வந்தது. அவரை அழைப்பதும் நின்றுபோனது. டொல்ஃபியின் பதிலைப் படித்த ஆண்டில், ஊதும்போது எதைக் கவனிப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"இரவு ஏற ஏற நாயனம் சூடேறிச் சுருதி கொஞ்சம் மேலே போகும், தம்பி. சீவாளியும் எச்சிலில் ஊறி வேறு மாதிரி ஆகும். பெரியவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து உதட்டால் நானும் அங்கே போவேன். சாமி வீதி சுற்றி வந்து சேரும்போது, தொடங்கின இடத்தில் நான் நிற்கமாட்டேன்."

அசையவே அசையாது என்று நான் இத்தனை காலமும் நம்பியிருந்த அந்த ஒற்றைச் சுவரத்தை, ஒவ்வொரு இரவும் ஒருவர் காதால் அளந்து நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்.