கடைசிப் பக்கம்
மூணு வாரமாக ராத்திரி சாப்பிட்டதும் இதையேதான் படிக்கிறேன். அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கியால் சுட்ட பிள்ளைகளின் பின்னணி, அவர்கள் எழுதி வைத்தவை. "இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?" என்கிறார் அம்மா. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறவன் நான். எனக்கு வேண்டும்.

1999-ல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டதற்குப் பிறகு, அங்கே அதிபரின் பாதுகாப்பைப் பார்க்கிற சீக்ரெட் சர்வீஸும் கல்வித்துறையும் பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை, அவற்றைச் செய்த 41 பேரை ஆராய்ந்தார்கள். இப்படிப்பட்டவன்தான் செய்வான் என்று சொல்ல ஒரு அடையாளமும் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்தவனும் இருந்தான், நண்பர்களோடு திரிந்தவனும் இருந்தான். ஆனால் பத்தில் எட்டு சம்பவங்களில் ஒருத்தருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் கூடப் படிக்கிற பிள்ளைக்கு!

கொலம்பைன் இருவரில் ஒருவனின் டைரி முழுக்க வெறுப்பு. இன்னொருவன் காதலையும் சாவையும் எழுதி, நடுவே இதயம் வரைந்திருக்கிறான். அவர்கள் பெயரை எழுத எனக்கு மனசில்லை.

நேற்று நோட்டு திருத்தும்போது ஒரு பையனின் கடைசிப் பக்கம். 'நான் வரலேன்னா யாரும் தேட மாட்டாங்க.' பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்திருந்தான், தடம் மட்டும் இருந்தது. அவனை யாரோடும் ஒப்பிடவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை.

இன்று மதியம் வராந்தாவில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தி, "சார், எலுமிச்சை சாதம் சாப்பிடுறீங்களா?" என்றான்.