குழந்தையோடு பாலைவன முகாம்: டயர் காற்று முதல் அணைந்த தணல் வரை

குழந்தையை அழைத்துக்கொண்டு மணலுக்குள் வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில் தூரத்தைக் குறைக்க வேண்டும். பெரியவர்கள் மட்டும் ஒரு நாளில் கடக்கும் தூரத்தில் பாதி போதும். பொழுது சாய மூன்று மணி நேரம் இருக்கும்போதே முகாம் இடத்தை அடைவதாகத் திட்டம் போட்டால், வழியில் இரண்டு தடவை வண்டி புதைந்தாலும் வெளிச்சத்திலேயே கூடாரம் போட்டுவிடலாம். தனி வண்டியாக மணல்மேடுகளுக்குள் நுழையவே வேண்டாம். போகிற பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தார்ச்சாலை முடிகிற இடத்தில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். சாலையில் 32 முதல் 36 பிஎஸ்ஐ வரை வைத்திருக்கும் டயரை மணலுக்கு 15 முதல் 18 வரை இறக்கலாம். காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். பாரம் பரவிவிடுவதால் மணலைத் தோண்டாமல் மேலாகவே போகும். பிரஷர் கேஜைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஏழெட்டு வயதில் வால்வில் அழுத்திப் பிடித்து எண்ணை வாசிக்க நன்றாகவே வரும், வேலையிலும் தனக்குப் பங்கு கிடைத்த சந்தோஷம் இருக்கும். இந்தக் குறைந்த காற்றழுத்தத்தில் வண்டியை வேகமாக வளைத்துத் திருப்பக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 12-க்குக் கீழே போனால் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மணலில் பிரேக்கை மிதித்து நிறுத்தினால் சக்கரத்தின் முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்புவதே பாடாகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே நின்றுவிடும். முன்பக்கம் இறக்கத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சரிவில் குறுக்கே போனால் கவிழும். காலைக் குளிரில் மணல் கெட்டியாக இருக்கும், உச்சி வெயிலில் இளகிவிடும். அதனால் ஓட்டுகிற வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சக்கரம் வெறுமனே சுழல்கிறது என்று தெரிந்த நொடியில் காலை எடுத்துவிடுங்கள். மேலும் மிதித்தால் வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமாகும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் சக்கரங்களைச் சுற்றியும் வண்டிக்கு அடியிலும் மணலை அள்ளி, காற்றை இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்து, சக்கரத்துக்கு அடியில் மணல் பலகையை (சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பலகை) செருகி, மெதுவாக நகர்த்துங்கள். கயிறு கட்டி இழுக்கும் நிலை வந்தால் பிள்ளை கயிற்றின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, பக்கவாட்டில், ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு பறந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

தண்ணீர், பெரியவருக்கு நாளுக்கு ஆறு லிட்டர், குழந்தைக்கு மூன்று லிட்டர், அதற்கு மேல் இரண்டு நாளுக்கான கையிருப்பு. ஒரே பெரிய கேனில் வைக்காமல் பிரித்து வையுங்கள், ஒன்று ஓட்டையானாலும் மற்றது இருக்கும். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் தாகம் என்று சொல்வதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நாமே குடிக்கவைக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ, ஓடிய பிள்ளை சும்மா உட்கார்ந்து சிணுங்கினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுவந்து ஓஆர்எஸ் கொடுங்கள். பேச்சு குழறினால் வெப்பத் தாக்கு என்று எடுத்துக்கொண்டு, உடம்பு முழுக்க நீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கூடாரத்துக்கு மேடுகளுக்கு இடையேயான கெட்டித் தரை ஏற்றது. வறண்ட ஆற்றுப் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் வேண்டாம். எங்கோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். சாதாரண முளை மணலில் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஓரடி ஆழத்தில் புதைத்துவிட்டால் காற்றுக்கு அசையாது. பகலில் கொதித்த இடம் இரவில் நன்றாகக் குளிரும், குழந்தைக்குக் கம்பளித் தொப்பி எடுத்துப் போங்கள்.

நெருப்பு விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். தணலை மணல் போட்டு மூடினால் அணைந்ததுபோல் தெரியும், அடியில் விடியும்வரைகூடச் சூடு இருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதில்தான் மிதிக்கும். நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடில்லை என்று உறுதி செய்த பிறகே தூங்கப் போங்கள்.

இருட்டியதும் பிள்ளையின் கையில் ஒளிரும் வளையம், கழுத்தில் விசில். வழி தவறினால் நடக்காமல் அங்கேயே உட்கார்ந்து ஊத வேண்டும் என்று பகலிலேயே ஒத்திகை பாருங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். கூடாரத்தைச் சுற்றி ஒரு தடவை அடித்துவிடுங்கள். குழந்தையைத் தேள் கொட்டினால் கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

திரும்பித் தார்ச்சாலையில் ஏறும் முன் கம்ப்ரெசரால் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் பியூஸ் போகலாம், பேட்டரியில் கிளிப் மாட்டுங்கள். குழந்தை இருக்கையின் பக்கிளையும் பாருங்கள். மணல் புகுந்திருந்தால் பாதி மாட்டியபடியே பூட்டியதுபோல் தெரியும். தெளிவாக ‘கிளிக்’ என்று கேட்க வேண்டும், இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது.