விதானத்துக்கு ஏறும் முன் காகிதத்தில்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் அப்போலோ கூடத்தில் கூட்டம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளை மொய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பிரெஞ்சு அரச நகைகள். (அவற்றில் சில திருடுபோன 2025 அக்டோபருக்கு முந்தைய பயணம் இது.) நான் பார்க்க வந்தது தலைக்கு மேலே இருந்தது: பைதான் என்ற பெரும்பாம்பைக் கிரேக்கக் கடவுள் அப்போலோ கொல்லும் காட்சி. பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலாக்ருவாவின் இந்த விதான ஓவியம் 1851-இல் திறக்கப்பட்டது. உயரம் 8 மீட்டர், அகலம் ஏறக்குறைய ஏழரை மீட்டர்.

1661-இல் தீப்பிடித்த பிறகு இந்தக் கூடத்தை அலங்கரிக்கத் தொடங்கியவர் பதினான்காம் லூயியின் ஓவியர் ஷார்ல் லெ ப்ரன். மன்னரின் மனம் வெர்சாய் அரண்மனைப் பக்கம் போனதும் வேலை பாதியில் நின்றது. நடுப்பகுதி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஓவியருக்காகக் காத்துக் கிடந்தது. அதனால் தெலாக்ருவாவுக்குக் கிடைத்தது வெற்று விதானம் அல்ல, சுற்றிலும் தங்கப்பூச்சும் சிற்பங்களும் மின்னும் இன்னொருவரின் சட்டகம். அந்தப் பகட்டுக்கு நடுவே, கீழே நிற்பவருக்கு யார் யார் என்று தெரிய வேண்டும். கீழ் ஓரத்தில் இருண்ட சேறும் சுருண்டு புரளும் பாம்பும்; நடுவில் பொன்னொளியில் தேர்; பின்னால் அம்பறாத்தூணியை நீட்டும் தங்கை டயானா. கழுத்து வலித்தாலும் குழப்பம் இல்லை.

இந்தத் தெளிவு எப்படி வந்தது என்பதற்கு விடை சேன் ஆற்றின் தென்கரையில், ஃபுர்ஸ்டன்பர்க் தெருவில் கிடைத்தது. தெலாக்ருவா கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். தோட்டத்தைப் பார்த்த ஓவியக்கூடமும் அங்கேயே இருக்கிறது. வெளிச்சம் பட்டால் காகிதம் கெடும் என்பதால் வரைபடங்களை மாற்றி மாற்றித்தான் வைக்கிறார்கள். என்ன கிடைக்கும் என்பது நம் அதிர்ஷ்டம். எனக்கு ஒரு பென்சில் தாள் கிடைத்தது. முகம் இல்லை, விரல் இல்லை. வளையம் வளையமாகச் சுழன்ற கோடுகள் ஓரிடத்தில் தோளாகத் திரண்டிருந்தன. பக்கத்திலேயே அதே கை, கொஞ்சம் உயர்த்தி; அதற்கும் கீழே மறுபடி அதே கை. எதையும் அவர் அழிக்கவில்லை. கோணம் பிடிக்காவிட்டால் பக்கத்தில் இன்னொன்று வரைந்துவிட்டு நகர்ந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட தாள்களில் அமைப்பு தேறிய பிறகு சிறிய எண்ணெய் வண்ண முன்மாதிரி. அப்போலோ விதானத்துக்கான அத்தகைய முன்மாதிரி ஒன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. பெரிதாக்குவதற்கு அந்தக் கால ஓவியர்களின் பொது வழி கட்டம் போடுவது. நம் சினிமா பேனர் ஓவியர்கள் புகைப்படத்தில் கட்டம் கிழித்து நாயகனை வானளாவ உயர்த்திய அதே முறை. பைதான் ஓவியமும் சாரத்தில் மல்லாந்து படுத்து வரைந்ததல்ல. துணியில் தீட்டி, பிறகு விதானத்தில் ஒட்டப்பட்டது. பியர் அந்திரியூ என்ற உதவியாளரும் உடன் உழைத்தார்.

தெலாக்ருவாவுக்கு வண்ணம்தான் வரும், கோடு வராது என்பது அவர் காலத்து விமரிசகர்கள் பலரின் தீர்ப்பு. 1863-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் ஓவியக்கூடத்தில் இருந்தவை ஏலத்துக்கு வந்தன. வெளிப்பட்ட வரைபடங்கள் ஆறாயிரத்துக்கும் மேல்! ஒரே மூச்சில் கொட்டியது போலத் தெரிந்த வேகத்துக்குப் பின்னால் இவ்வளவு ஒத்திகை. அந்தத் தீர்ப்பை எழுதியவர்களில் எத்தனை பேர் ஏலத்தை எட்டிப் பார்த்தார்களோ.

தெலாக்ருவாவின் வீட்டிலிருந்து, அவர் சுவரோவியங்கள் தீட்டிய செயின்ட் சுல்பிஸ் தேவாலயம் நடக்கும் தூரம்தான். அந்த வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே 1857 இறுதியில் அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்தார். நுழைந்ததும் வலப்புறம் முதல் சிற்றாலயம். விதானத்தில் சாத்தானை வீழ்த்தும் புனித மிக்கேல். சுவர்களில் விவிலியக் காட்சிகள்: வானதூதருடன் மல்லுக்கட்டும் யாக்கோபும் கோவிலிலிருந்து விரட்டப்படும் ஹெலியோதோரும். எல்லோரும் யாக்கோபுக்காகத்தான் வருகிறார்கள், அது நியாயமும்கூட. மிக்கேல் எனக்குச் சற்று நெருக்கடியாகத்தான் பட்டார். ஆனால் அந்தப் பென்சில் தாளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு ஈட்டி ஓங்கிய அவர் கை மட்டும் தனியாகத் தெரிந்தது. தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை. லூவரும் தெலாக்ருவா வீடும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.