ஸ்டான்விக் படங்களை வருஷ வரிசைல பாத்துட்டு வர்றேன், நாலு மாசக் கணக்கு

நாலு மாசத்துல 11 படம் ஆச்சு. எல்லாமே அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை பார்பரா ஸ்டான்விக் நடிச்சது, வந்த வருஷ வரிசைப்படி, 1930ல ஆரம்பிச்சு 1957 வரைக்கும். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் படம், முடிஞ்ச சூட்டோட நோட்ல எழுதறது, ஞாயித்துக்கிழமை காலைல அண்ணனுக்கும் அக்காவுக்கும் போன் போட்டு பேசறது, இதான் முறை. நடுவுல சில வாரம் வேலைல தள்ளிப்போச்சு, ஆனா வரிசையை மட்டும் மாத்தவே இல்ல.

இது ஆரம்பிச்சதே ஒரு வாக்குவாதத்துலதான். அண்ணன்னு நான் சொல்றது பழைய ஆபீஸ்ல கூட வேலை பாத்தவரு, அதே காலத்து நடிகை பெட்டி டேவிஸ்னா அவருக்கு உயிரு. அக்கா அவருக்குத் தெரிஞ்சவங்க, ஐரீன் டன், கேரி கிராண்ட் காமெடி எல்லாம் சீன் சீனா ஒப்பிப்பாங்க. ஒரு நாள் பேச்சுவாக்குல, 1940கள்ல பெட்டி டேவிஸை அடிச்சுக்க ஆளே கிடையாதுன்னு அண்ணன் சொன்னாரு, நான் ஏன் ஸ்டான்விக் இல்லையான்னு கேட்டேன். "அவங்க படம் எத்தனை பாத்திருக்க தம்பி?"ன்னாரு. ஒண்ணே ஒண்ணு, டபுள் இண்டெம்னிட்டி, அதுவும் பல வருஷம் முன்னாடி. "ஒரு படத்தை வச்சுக்கிட்டு எப்படிப்பா அடிச்சுப் பேசற"ன்னாரு. நியாயமான கேள்வி. அன்னிக்கு ராத்திரியே லிஸ்ட் போட்டுட்டேன்.

முதல் படம் லேடீஸ் ஆஃப் லெஷர், 1930, ஃப்ராங்க் காப்ரா டைரக்ஷன். பேசும் படம் வந்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆகியிருந்த நேரம், சவுண்டு கரகரன்னு இருக்கும், மத்தவங்க எல்லாம் நாடக மேடைல கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பேசற மாதிரியே பேசறாங்க, இந்தப் பொண்ணு மட்டும் எதிர்ல நிக்கற ஆளுக்குக் கேட்டா போதும்னு பேசுது. அப்ப 22 வயசு. புரூக்ளின்ல பொறந்தவங்க, நிஜப் பேரு ரூபி ஸ்டீவன்ஸ், நாலு வயசுல அம்மா போய்ட்டாங்க, அப்பா பனாமா கால்வாய் வேலைக்குன்னு வீட்டை விட்டுப் போய்ட்டாரு, அடுத்தவங்க வீடுகள்ல மாறி மாறி வளந்து, டீன் ஏஜ்லயே மேடைல டான்ஸ் ஆட வந்துட்டாங்க. காப்ரா இவங்ககிட்ட கவனிச்ச விஷயம் என்னன்னா, முதல் டேக்லயே உள்ள இருக்கறதை மொத்தமா கொட்டிடுவாங்க, அதையே திரும்ப எடுத்தா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா வத்திப்போயிடும். அதனால மத்த நடிகர்களை மட்டும் வச்சு ரிகர்சல் பாத்துட்டு, ஒண்ணுக்கு மேல கேமரா வச்சு, இவங்களைக் கடைசில கூப்பிட்டு எடுத்திருக்காரு. இது தெரிஞ்சதுக்கப்புறம் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டேன், ரெண்டாவது தடவை அவங்க அழற இடம் எல்லாம் வேற மாதிரி தெரிஞ்சுது.

இங்க நான் ஒரு தப்பு பண்ணிட்டு இருந்தேன், அதைச் சொல்லிடறேன். சப்டைட்டில் போட்டுத்தான் பாப்பேன், ஏன்னா அந்தக் காலத்து ஹாலிவுட்ல வசனம் அவ்ளோ வேகம். ஆனா கண்ணு பூரா கீழயே இருந்தா மூஞ்சியை எப்ப பாக்கறது? ஸ்டான்விக் விஷயத்துல இது பெரிய நஷ்டம், அவங்க வேலை பாதி நடக்கறதே அடுத்தவங்க பேசும்போதுதான். மூணாவது படத்துல இருந்து முதல்ல சப்டைட்டிலோட முழுசா பாத்துடறது, அப்புறம் புடிச்ச ஒரு 20 நிமிஷத்தை சப்டைட்டில் இல்லாம திரும்பப் பாக்கறதுன்னு வச்சுக்கிட்டேன். இன்னொரு பழக்கமும் கூடவே வந்துச்சு, போன் போடறதுக்கு முன்னாடி என் அபிப்பிராயத்தை நோட்ல எழுதி முடிச்சிடணும். அண்ணன் பேச ஆரம்பிச்சா அவ்ளோ நல்லா பேசுவாரு, நான் நினைச்சது எனக்கே மறந்துபோயிடும்.

நைட் நர்ஸ் (1931) வேகமா ஓடிச்சு, அதைப் பத்தி பெருசா எழுதல. அடுத்து வந்த பேபி ஃபேஸ் (1933)ல தான் ரெண்டு வாரம் உக்காந்துட்டேன். பென்சில்வேனியால ஈரிங்கற ஊர்ல, அப்பன் நடத்தற கள்ளச்சாராயக் கடைல சீரழியற பொண்ணு, நியூயார்க் போய் ஒரு பேங்க்ல சேந்து, ஒவ்வொரு ஆம்பளையா பயன்படுத்திக்கிட்டு ஒவ்வொரு மாடியா மேல ஏறுது, கேமராவும் கட்டடத்துக்கு வெளில ஜன்னல் ஜன்னலா மேல ஏறுது. நடுவுல சின்ன ரோல்ல ஜான் வெய்ன் கோட்டு சூட்டுல வந்துட்டுப் போறாரு. இந்தப் படத்துக்கு ரெண்டு வெர்ஷன் இருக்கு. சென்சார்ல வெட்டினதுதான் எழுபது வருஷமா ஓடிட்டு இருந்துச்சு, வெட்டாத நெகடிவ் 2004ல அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துலதான் கிடைச்சுது. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாத்தேன். வெட்டாததுல ஒரு வயசான செருப்புத் தைக்கறவரு நீட்சேங்கற தத்துவ ஆளோட புக்கைக் கைல வச்சுக்கிட்டு, உன்னை எல்லாரும் பயன்படுத்தறாங்கல்ல, இனிமே நீ ஆம்பளைங்களைப் பயன்படுத்துன்னு சொல்லிக்குடுப்பாரு. வெட்டினதுல அதே ஆளு நல்ல வழி கெட்ட வழின்னு புத்தி சொல்றாரு! அவரோட முதுகுப் பக்கம் தெரியற ஷாட்டைப் போட்டு புதுக் குரலை ஒட்டியிருக்காங்க. ஆனா ஸ்டான்விக் முகத்தை மாத்த முடியலையே. புத்தி கேட்டுக்கற பொண்ணோட மூஞ்சியே இல்ல அது, கணக்குப் போடற மூஞ்சி. படத்துல எதைக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாதுன்னு ஹாலிவுட் தனக்குத் தானே போட்டுக்கிட்ட நெறிமுறை, 1934 ஜூலைல இருந்து அதைப் பாத்துக்க வந்த ஜோசஃப் ப்ரீன் கைல இறுகிப்போச்சு, அதுக்கப்புறம் இப்படி ஒரு படம் பல வருஷத்துக்கு வர வழியே இல்லாம போச்சு.

ஸ்டெல்லா டல்லஸ் (1937). இதுக்குத்தான் எங்க மூணு பேருக்கும் சண்டை ரொம்ப நாள் ஓடிச்சு. கிங் விடோர் டைரக்ஷன், படிப்பு பவிசு இல்லாத ஒரு அம்மா, தன்னால பொண்ணு வாழ்க்கை கெட்டுடக்கூடாதுன்னு அவளை வேணும்னே தன்கிட்ட இருந்து விலக்கி அனுப்பிடறா. அப்ப இவங்களுக்கு வயசு 30, கல்யாண வயசுப் பொண்ணுக்கு அம்மா, உடம்பு பெருசா தெரிய பேடிங் வச்சுக்கிட்டு நடிச்சிருக்காங்க. கடைசி சீனை எல்லாரும் பேசுவாங்க, மழைல வேலிக்கு வெளில நின்னு ஜன்னல் வழியா பொண்ணு கல்யாணத்தைப் பாக்கற இடம், போலீஸ்காரர் நகரச் சொல்வாரு, இவங்க கைக்குட்டையை வாய்ல கடிச்சுக்கிட்டு நிப்பாங்க. எனக்கு அதைவிட ரயில் சீன்தான் மனசுல நிக்குது. ராத்திரி ரயில், மேல் பெர்த்துல பொண்ணு, கீழ அம்மா. வெளில பொண்ணோட வயசுப் புள்ளைங்க நாலு பேரு இந்த அம்மாவோட டிரஸ்ஸையும் அலங்காரத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுங்க. ரெண்டு பேருக்கும் கேக்குது. அம்மா காதுல விழுந்திருக்குமோன்னு பயந்து பொண்ணு கீழ எட்டிப் பாக்கும்போது ஸ்டான்விக் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கறாங்க. பொண்ணு இறங்கி வந்து பக்கத்துல ஒட்டிப் படுத்துக்குது. அதுக்கப்புறம் அந்த முகத்துல நடக்கறது இருக்கே, ஒரு வார்த்தை கிடையாது, அந்த ராத்திரியே முடிவெடுத்துட்டா அவன்னு நமக்குப் புரிஞ்சிடும். எங்க அம்மா பாதிலதான் வந்து உக்காந்தாங்க, இங்கிலீஷ் அவ்வளவா வராது, இந்த சீனுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியே இருக்கல, "கேட்டுட்டாடா அவ"ன்னாங்க.

அக்காவுக்கு இந்தப் படம் மேல கோவம். "பணக்காரங்க வீட்டு வாசப்படிக்கு வெளில ஒரு அம்மாவை நிக்க வச்சுட்டு நம்மளை அழச் சொல்றாங்க, அவ ஏன்பா விலகணும்?"ன்னாங்க. அண்ணன், மெலோடிராமான்னா, அதாவது உணர்ச்சியைத் தூக்கலா காட்டி அழ வைக்கற கதைன்னா, அப்படித்தான் இருக்கும்னாரு. நான் ரெண்டு பேர் சொன்னதையும் எழுதி வச்சிருக்கேன், ஆனா என் நோட்ல இருக்கறது, கதை அவளை விலகச் சொல்லுது, ஸ்டான்விக் நடிப்பு அது எவ்ளோ பெரிய அநியாயம்னு காட்டிக்கிட்டே இருக்குங்கறதுதான். இப்பவும் அதே அபிப்பிராயம்தான். ஆஸ்கார் நாமினேஷன் முதல்ல கிடைச்சது இதுக்குத்தான், அந்த வருஷம் வாங்கினது லூயிஸ் ரெய்னர்.

ரிமெம்பர் தி நைட் (1940) நான் எதிர்பாக்காத சந்தோஷம். கிறிஸ்துமஸ் சமயத்துல நியூயார்க்ல நகை திருடி மாட்டிக்கற பொண்ணு, அவளுக்கு எதிரா வாதாடற அரசு வக்கீல் ஃப்ரெட் மக்மரே, அவரே அவளை இண்டியானால இருக்கற தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடுது. போற வழில அவளோட சொந்த அம்மா வீட்டுக்குப் போவாங்க, இருட்டு வீடு, அந்த அம்மா பழசை எதையும் மன்னிக்கத் தயாரா இல்ல. அங்கிருந்து வக்கீல் வீட்டு வெளிச்சத்துக்கு வரும்போது ஸ்டான்விக் எதையும் தொடப் பயந்துக்கிட்டு நிக்கறது அவ்ளோ அழகு. எழுதினது ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ், அந்த செட்லதான் உனக்குன்னே ஒரு காமெடி எழுதறேன்னு வாக்கு குடுத்திருக்காரு, அதுதான் அடுத்த வருஷம் வந்த தி லேடி ஈவ்.

1941ல மட்டும் இவங்களுக்கு நாலு படம் வந்திருக்கு, நான் மூணு பாத்தேன். மீட் ஜான் டோ காப்பிரைட் புதுப்பிக்காம விட்ட படம், அதனால எங்க பாத்தாலும் இருக்கு, எங்க பாத்தாலும் மோசமான காப்பி. எனக்கு முதல்ல கிடைச்சதுல ஆளுங்க மூஞ்சி மாவு பூசின மாதிரி, சத்தம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி. அரை மணி நேரத்துல நிறுத்திட்டு ரெண்டு வாரம் தேடி நல்ல காப்பி எடுத்துப் பாத்தேன், அதுக்கப்புறம்தான் கேரி கூப்பர் பக்கத்துல இவங்க என்ன பண்றாங்கன்னே தெரிஞ்சுது. பழைய படம் புடிக்கலன்னு சொல்றவங்க முதல்ல பாத்த காப்பி எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும்னு தோணுது. பால் ஆஃப் ஃபயர்ல உயரமான கூப்பருக்கு முத்தம் குடுக்க புத்தகத்தை அடுக்கி மேல ஏறி நிப்பாங்க, ட்ரம்ஸ்காரர் ஜீன் க்ருபா தீக்குச்சியால தீப்பெட்டில ட்ரம்ஸ் வாசிப்பாரு, சந்தோஷமான படம், திரும்பவும் பாப்பேன்.

லேடி ஈவ் பத்திதான் நிறைய எழுதி வச்சிருக்கேன். கப்பல் சாப்பாட்டு ஹால், பாம்பு ஆராய்ச்சி பண்ற கோடீஸ்வரப் பையன் ஹென்றி ஃபோண்டா தனியா உக்காந்து புக் படிக்கறான், சுத்தி இருக்கற பொண்ணுங்க எல்லாம் அவன் கவனத்தை இழுக்கப் பாக்குதுங்க, ஸ்டான்விக் திரும்பவே இல்ல, மேக்கப் கண்ணாடியைத் தூக்கிப் புடிச்சு அதுலயே மொத்த ஹாலையும் பாத்துக்கிட்டு, கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஒவ்வொருத்தி என்ன நினைக்கறா என்ன பண்ணப்போறான்னு அப்பாகிட்ட சொல்லிட்டே வருவாங்க. கடைசில அவன் தாண்டிப் போகும்போது காலை நீட்டி விழ வைக்கறாங்க. அப்புறம் கேபின்ல, அவன் தரைல, இவங்க அவன் தலையைப் பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டு முடியைக் கோதிக்கிட்டே பேசற ஷாட்டு, மூணு நிமிஷத்துக்கு மேல வெட்டே கிடையாது. ஃபோண்டா மூச்சு விடத் தவிக்கறான், இவங்க கை மட்டும் நிதானமா வேலை பாக்குது. இந்த ஒரு இடத்துல அண்ணன் இறங்கி வந்தாரு, பெட்டி டேவிஸால இதைப் பண்ண முடியாதுன்னு அவர் வாயாலயே சொன்னாரு.

அப்புறம் டபுள் இண்டெம்னிட்டி (1944), எல்லாம் தொடங்கின படம். வரிசைல வந்து பாக்கும்போது அது வேற படமா ஆயிடுச்சு. நாலு வருஷம் முன்னாடி கிறிஸ்துமஸ் படத்துல காதலிச்ச அதே மக்மரே, அதே ஸ்டான்விக், இப்ப இன்சூரன்ஸ் பணத்துக்காக புருஷனைக் கொல்றாங்க. டைரக்டர் பில்லி வைல்டர் வேணும்னே மட்டமான ஒரு பொன்னிற விக்கை மாட்டி விட்டிருக்காரு, எதுவுமே நிஜமில்லாத பொம்பளைன்னு பாத்ததும் தெரியணும்னு. கொலை நடக்கற காருக்குள்ள கேமரா கொலையைக் காட்டாது, வண்டி ஓட்டற இவங்க முகத்துலயே நிக்கும். சத்தத்தை நிறுத்திட்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை பாத்தேன். கண்ணு ரோட்டை விட்டு நகரல, ஆனா ஏதோ ஒரு திருப்தி உள்ள இருந்து மேல வந்து முகத்துல பரவி நிக்குது. ரயில் அம்மாவும் இந்த முகம்தான், பேங்க் மாடி ஏறின பொண்ணும் இந்த முகம்தான். பேசாம இருக்கும்போதுதான் மூணு பேரும் நம்மகிட்ட எல்லாத்தையும் சொல்றாங்க. இது ஒரே படம் பாத்திருந்தப்ப எனக்குத் தெரியாது. படத்துக்கு ஏழு ஆஸ்கார் நாமினேஷன், ஒண்ணு கூடக் கிடைக்கல, அந்த வருஷம் நடிகை விருது இங்க்ரிட் பெர்க்மனுக்குப் போச்சு.

சாரி ராங் நம்பர் (1948) பாத்தப்ப ஆஸ்கார் பேச்சு வந்துச்சு, ஏன்னா அதுதான் இவங்க நாலாவது, கடைசி நாமினேஷன். ஐரீன் டன்னுக்கு அஞ்சு தடவை, அவங்களுக்கும் ஒண்ணும் கிடையாதுன்னு அக்கா ஆதங்கப்பட்டாங்க. அப்ப அண்ணன்தான் அந்த ரெண்டு கிளிப்பை அனுப்பினாரு. 1978 ஆஸ்கார் மேடைல நடிகர் வில்லியம் ஹோல்டனும் இவங்களும் விருது குடுக்க வர்றாங்க, ஹோல்டன் திடீர்னு நிறுத்திட்டு, 39 வருஷம் முன்னாடி கோல்டன் பாய் படத்துல இருந்து என்னை நீக்கற நிலைமை, இவங்கதான் என்னைக் காப்பாத்தினாங்கன்னு சபைல சொல்றாரு, இவங்களுக்குப் பேச்சே வரல. 1981ல ஹோல்டன் இறந்துட்டாரு. அடுத்த வருஷம் இவங்களுக்கு கௌரவ ஆஸ்கார் குடுத்தாங்க, கைல சிலையோட நின்னு, எனக்கு இது கிடைக்கணும்னு ஆசைப்பட்டவன் அவன், அந்த ஆசை நிறைவேறிடுச்சுன்னு ஹோல்டனை நினைச்சு சொல்றாங்க. அந்த ஞாயித்துக்கிழமை போன்ல யாரும் ரொம்ப நேரம் பேசல.

11வது ஃபார்ட்டி கன்ஸ், 1957, சாமுவேல் ஃபுல்லர் டைரக்ஷன். அம்பதை நெருங்கின வயசுல, குதிரை தரையோட இழுத்துட்டுப் போற ஷாட்டை டூப் இல்லாம இவங்களே பண்ணியிருக்காங்க. படத்தோட கடைசிப் பகுதி எனக்கு ஒட்டல, ஆனா அந்தக் குதிரை ஷாட்டுக்கு நோட்ல ஒரு பக்கம் போயிருக்கு.

இப்ப அண்ணனோட ஒரு ஒப்பந்தம். அவரு ஸ்டெல்லா டல்லஸை மெலோடிராமான்னு சொல்லாம ரயில் சீனை மட்டும் சத்தம் இல்லாம பாக்கணும், நான் பெட்டி டேவிஸை முதல்ல இருந்து வரிசையா பாக்கறதுக்கு முன்னாடி அவருக்காக தி லெட்டர் (1940) பாக்கணும். போன சனிக்கிழமை போட்டேன். நிலா வெளிச்சம், ரப்பர் மரத்துல பால் சொட்டுது, வீட்டுக்குள்ள இருந்து ஒரு வெடிச் சத்தம், ஒருத்தன் தள்ளாடி வாசல் படில விழறான், பின்னாடியே வந்த பெட்டி டேவிஸ் துப்பாக்கி காலியாகற வரைக்கும் அவனைச் சுட்டுட்டே இருக்காங்க, முகத்துல ஒரு அசைவு இல்ல. நிறுத்தி திரும்பப் போட்டேன். நோட்டைத் திருப்பி புதுப் பக்கத்துல அவங்க பேரை எழுதிட்டுத்தான் மீதிப் படத்தைப் பாத்தேன்.