வழியை மறைக்கிற வேலை

எங்கள் வயலின் வடகிழக்கு மூலையில் ஒரு வழி விழுந்துவிட்டது. யாரும் போட்ட வழி அல்ல, விழுந்த வழி. பஸ் நிற்கும் இடத்துக்கு வரப்பைச் சுற்றிக்கொண்டு போனால் நான்கு நிமிடம் ஆகும். நாற்றங்காலின் குறுக்கே இறங்கினால் ஒன்றரை நிமிடம். மிச்சமாகும் அந்த இரண்டரை நிமிடத்துக்காகத் தெற்குத் தெரு முழுவதும் என் நாற்றின் தலையில் கால் வைத்துப் போகிறது. தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. இங்கே பாதிப் பேர் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். நான்தான் இன்னும் நாற்று விட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் குறுக்கே நடக்கத் தோதான இடம் என் நாற்றங்கால் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

"நாலு கருவேல முள்ளை வெட்டிப் போடுங்கள், எல்லாம் நின்றுவிடும்" என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் பார்த்த வேலையே இதுதான். துபாயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வேலி போட்ட ஒரு பாலைவன இயற்கைக் காப்பகத்தில் பாதை பராமரிப்பு. ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. "பாலைவனத்தில் ஏதப்பா பாதை?" என்பார்கள். விளக்கி விளக்கிச் சலித்துப்போய் விட்டுவிட்டேன். அக்கா மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் "தாய்மாமன் ஒட்டகம் மேய்க்கிறார்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

பாலைவனம் என்றதும் மணல்மேடுதான் எல்லாருக்கும் கண்ணில் வருகிறது. மணல்மேட்டில் எங்களுக்கு வேலை குறைவு. பகல் முழுவதும் ஆயிரம் பேர் மிதித்தாலும் இரவுக் காற்று துடைத்து வைத்துவிடும். விடிந்து பார்த்தால் வண்டின் கால் தடமும் பாம்பு பக்கவாட்டில் புரண்டு போன கோடும் மட்டுந்தான் இருக்கும். தலைவலி எல்லாம் சரளைச் சமவெளியில். பொடிக்கற்கள் நெருக்கமாகப் பரவி, அடியிலுள்ள நுண்மண்ணைக் காற்று அள்ளாமல் காத்துக்கொண்டிருக்கும் தரை அது. ஒரு ஜீப் ஒரு முறை தடம் மாறிப் போனால் போதும், அந்த இரட்டைக் கோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதைப் பார்த்து அடுத்த ஜீப் வரும். மனிதன் நடந்தாலும் அப்படித்தான். அந்தத் தரையில்தான் முள்வால் பல்லி வளை தோண்டிக் குடியிருக்கிறது. அரபியில் 'தப்' என்பார்கள். நம் உடும்பு மாதிரி தடித்த உடம்பு, வாலைச் சுற்றி முள் வளையங்கள். வளைக்கு மேலே கால் வைத்தால் கூரை இடிந்துவிடும்.

முதல் ஆண்டு எனக்குக் கொடுத்த வேலை பலகை நடுவது. 'இவ்வழியே செல்லாதீர்' என்று மூன்று மொழிகளில் எழுதிய இரும்புப் பலகைகள், மொத்தம் இருபத்திரண்டு. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பலகையைச் சுற்றியும் வட்டமாகத் தரை தேய்ந்திருந்தது. பலகையோடு நின்று படம் எடுத்திருக்கிறார்கள். படம் எடுத்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று அப்படியே உள்ளேயும் போயிருக்கிறார்கள். பலகை இல்லாத இடத்தில் அங்கே ஒரு குறுக்குவழி இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. நாம் எழுதி வைத்துக் காட்டிக் கொடுத்தோம்.

எங்கள் குழுவுக்கு மேஸ்திரி ஒரு பலூச்சிக் கிழவர். அறுபதுக்கு மேல் வயது, கண்ணில் லேசாகப் புரை. பேசுவதெல்லாம் உருது, எனக்கு வந்தது அரைகுறை இந்தி. அவர் பலகைகளைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, செத்த புதர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். குறுக்குவழி தொடங்கும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி போட்டு, காய்ந்த கிளைகளை நிமிர்த்தி நட்டார். வரிசையாக அல்ல, ஒன்று இங்கே, இரண்டு அங்கே, காற்றடிக்கும் திசைக்குச் சற்றே சாய்த்து. தூரத்தில் நின்று பார்த்தால் அங்கேயே முளைத்துப் பட்டுப்போன புதர் மாதிரித் தெரியும். அப்புறம் மண்வாரியால் தடத்தின் நீளவாக்கில் இழுக்காமல் குறுக்கே இழுத்தார். நேர்க்கோட்டை உடைக்க வேண்டுமாம். உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகளும் தோண்டினார், பறந்து வரும் விதை தங்குவதற்கு.

கடைசியாகக் கல். இங்கேதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கற்களை அள்ளி வந்து அழகாகப் பரப்பிவிட்டு நிமிர்ந்தேன். கிழவர் ஒவ்வொரு கல்லாகத் திருப்ப ஆரம்பித்தார். அந்த ஊர்க் கல்லில் வெயில் பட்ட முகம் கறுத்திருக்கும், தரையில் பதிந்திருந்த முகம் வெளிறியிருக்கும். நான் பாதிக் கற்களை வெள்ளை முகம் மேலே தெரிய வைத்திருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளிபுள்ளியாக, 'இங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்' என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்கக் கல் திருப்பினோம். கல்லைத் தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து நம்மை நோக்கிச் சாய்த்துத் தூக்க வேண்டும். அடியில் தேள் இருந்தால் அது அந்தப் பக்கமாக ஓடும், கல் நமக்குக் கேடயம். இது தெரியாமல் நம் பக்க விளிம்பைத் தூக்கியதில் எனக்கு வலது கை மூன்று நாள் மரத்துப்போய்க் கிடந்தது.

எவ்வளவு தூரத்துக்கு மறைப்பது என்று கேட்டேன். "கண் போகிற தூரம் வரை. அதற்கு மேல் வேலை செய்தால் முட்டாள்" என்றார். தொடக்கத்தில் ஐம்பது அடி, முடிவில் ஐம்பது அடி. நடுவில் கிலோமீட்டர் கணக்கில் தடம் கிடந்தாலும் கவலை இல்லை. வாசல் தெரியாத வீட்டுக்குள் யார் நுழையப் போகிறார்கள்?

நடப்பவர்கள் வருவது குளிர்காலத்தில். நவம்பரிலிருந்து மார்ச் வரை. கோடையில் நாங்கள் மட்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம். விடிவதற்கு முன்பே தொடங்கிப் பதினோரு மணிக்குள் முடித்துவிடுவோம். அதற்கு மேல் மண்வெட்டியின் இரும்பைத் தொட முடியாது.

அங்கிருந்த ஒரு மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'காஃப்' என்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். போன புதிதில், நிழலுக்கு ஒதுங்கி அண்ணாந்து பார்த்தபோது இலை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பொடிப்பொடியான சிற்றிலை, கிளை நெடுகக் குட்டை முள். வன்னி. நம் கோயில் வன்னி. விஜயதசமிக்கு அம்பு போடுகிற வன்னி. கும்பகோணம் பக்கத்துத் திருப்புறம்பயத்தில், ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குக் கிணற்றோடும் லிங்கத்தோடும் சாட்சியாக நின்றது என்று பெரியம்மா கதை சொல்வாளே, அதே வன்னி. ராஜஸ்தானில் 1730-ல் இதை வெட்ட வந்தவர்களைத் தடுத்துக் கட்டிப்பிடித்து நின்று 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள் என்பது பின்னால் தெரிந்துகொண்டது. அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டு "இங்கே வன்னி மரம் இருக்கிறது" என்றேன். "கும்பிட்டுக்கொள்" என்றாள், அவ்வளவுதான்.

அந்த வன்னி நிழல்தான் எங்களுக்குப் பெரிய வழக்காக இருந்தது. நடையாளர்களுக்கும் அதுதான் வேண்டும், ஓரிக்ஸுக்கும் அதுதான் வேண்டும். ஓரிக்ஸ் வெள்ளை வெளேர் என்ற இரலை, கத்தி மாதிரி நீண்ட கொம்பு. 1972-ல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்து, விலங்குக் காட்சிசாலைகளில் பெருக்கி மறுபடியும் கொண்டுவந்து விட்ட இனம். 2011-ல் அதன் நிலை தேறியிருக்கிறது என்று அழியும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் திருத்தி எழுதினார்கள். பகலில் அது மரத்தடியில் படுத்து அசைபோட வேண்டும். ஆள் வந்தால் எழுந்து வெயிலுக்குப் போய்விடும். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் இருநூறு அடி தள்ளி ஈச்ச மட்டையில் ஒரு கொட்டகை போட்டு, அடியில் நான்கு பெஞ்சு வைத்து, பாதையை அதன் வாசல் வழியாகத் திருப்பினோம். ஒரு வாரத்தில் மரத்தடி காலி. முன்பு கயிறு வாங்கிய காசும் தண்டம்.

ஊருக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் அக்கா மகன் கூப்பிட்டான். வேதாரண்யத்தில் இருக்கிறான், பறவை பார்க்க வருபவர்களை வேனில் கோடியக்கரைக்கு அழைத்துப்போவது அவன் தொழில். "மாமா, பாலைவனத்தையே பார்த்தவர் நீங்கள், வந்து எங்கள் மணலையும் பாருங்கள்" என்றான். போனேன். 1967-ல் வெளிமானுக்காகச் சரணாலயமான காடு. 2002-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சின்ன வயதில் ராமர் பாதத்துக்கு மாட்டு வண்டியில் போனது நினைவிருக்கிறது. மேடென்று அந்த வட்டாரத்தில் இருப்பது அது ஒன்றுதான், அதுவும் வீட்டு மாடி உயரம் வராது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்துப் போட்டபோது நான் அமீரகத்தில் இருந்தேன். படங்களில் பார்த்ததோடு சரி. மரங்கள் மறுபடி தழைத்திருக்கின்றன.

மணல் பாதையில் நடக்கும்போது அவன் ஒரு செடியைக் காட்டி, "மாமா, நீங்கள் சொல்லும் வன்னி இதுதானே?" என்றான். இலை பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். சீமைக்கருவேல். வன்னிக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் குணம் வேறு. கிளையைப் பிடித்துக் காட்டினேன். வன்னிக்கு முள் குட்டை, கணுவுக்குக் கணு நடுவே சிதறி இருக்கும். சீமைக்கருவேலுக்குக் கணுவில் இரண்டிரண்டாக, நீளமாக. அமீரகத்திலும் பசுமைக்கு என்று நட்டு, இன்று பிடுங்க முடியாமல் நிற்கிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் மட்டக்குதிரைச் சாணம் ஒன்று காய்ந்து கிடந்தது. குச்சியால் கிளறினேன். உள்ளே விதை. மானும் குதிரையும் மாடும் இனிப்புக்காக அந்தக் காயைத் தின்கின்றன, விதை செரிக்காமல் எருவோடு விழுகிறது. அடுத்த மழைக்கு முளைக்கும். "விலங்கும் நம்மைப் போலத்தான், லேசான வழி இருந்தால் அதிலேதான் நடக்கும். அதனால் களை முதலில் வருவது பாதை ஓரத்தில். காட்டை ஒழிக்கிறேன் என்று உள்ளே போகாதே, பாதை ஓரத்தில் சாண் உயரச் செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடு" என்றேன். அவன் அங்கேயே குனிந்து ஒன்றைப் பிடுங்கப் பார்த்தான். அதைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்கள், நீ சும்மா இரு என்று இழுத்துக்கொண்டு வந்தேன். சரணாலயத்தில் நாமாகப் புல்லைக் கிள்ளுவதுகூடத் தப்பு. யோசனை சொல்லிவிட்டுத் தடுப்பதும் நானேதான்.

இனி என் நாற்றங்கால் விவகாரம். முள் போடவில்லை. அப்பா காலத்தில் இதே மூலையில் முள்ளடைத்துப் பார்த்திருக்கிறோம். முள்ளுக்கு அடுத்த அடியில் புது வழி விழும். வழி அகலமாகும், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் வரப்பில் உட்கார்ந்து, போகிறவர்களை எண்ணினேன். முப்பத்தொரு பேர். அவர்களுக்கு வரப்பின் மேல் கோபம் எதுவும் இல்லை. வாய்க்காலைத் தாண்ட மதகு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது, அந்தச் சுற்றுதான் பிடிக்கவில்லை. பழைய பனைமரம் ஒன்று கொல்லையில் கிடந்தது. இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் மேலே வர, வரப்பு திரும்பும் இடத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டேன். சுற்று குறைந்து இரண்டு நிமிடமானது. வரப்பை ஒரு அடி அகலப்படுத்தி அணைத்தேன். பழைய வழி தொடங்கும் இடத்தில் நொச்சிப் போத்துகளை நட்டேன், வரிசையாக அல்ல, ஒன்று இங்கே, இரண்டு அங்கே. தேய்ந்த தடத்தை மண்வெட்டியால் கொத்திச் சேறாக்கி மட்டம் செய்தேன். மனைவி வரப்பில் நின்றபடி, "நாலு முள்ளில் முடிகிற வேலை" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். பனைத்துண்டின் மேல் ஈரச் சேறு ஒட்டிய காலடிகள். பால் ஊற்றும் அத்தையின் வெறுங்கால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செருப்பு. நொச்சிக்கு முன்னால் ஒரு கைத்தடி ஊன்றிய குழியும் இரண்டு பாதமும் இருந்தன. ஓய்வுபெற்ற வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும். நின்று பார்த்துவிட்டு வரப்புக்குத் திரும்பியிருக்கிறார். பழைய வழியில் நாற்றின் மேல் யாரும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தடம் இருந்தது. குறுக்கே, நேராக, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு. மெட்டி விரலைக் கொஞ்சம் அழுத்தி வைத்த கால். தூக்குப்பாத்திரத்தில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறிவிடுமே என்று இப்படியே வந்துவிட்டேன்" என்றாள்.