தரை திருக்கைக்கு, கட்டை செடிகளுக்கு

8 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு தரைத்தளம் என்பதால்தான் இவ்வளவு பெரிய மீன் தொட்டிக்குத் துணிந்தேன். தண்ணீர் மட்டுமே 1,200 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நன்னீர்த் திருக்கைக்கு உயரத்தைவிட அகலம்தான் முக்கியம். வாலோடு தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

மணலில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நான் வளர்க்கும் மோட்டோரோ வகைத் திருக்கை வயிற்றை மணலில் பதித்தே வாழும் மீன், கூரான கல் பட்டால் புண்ணாகிவிடும். பொடி மணலைச் சலித்து, அலசிய தண்ணீர் தெளியும்வரை வாளி வாளியாகக் கழுவினேன். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. சுண்ணாம்பு அதிகம் இல்லை என்று நம்பி இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினேன்.

அப்புறம் ஏழு வாரம் மீனே இல்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர, அம்மோனியா ஊற்றிக் காத்திருந்தேன். "வெறும் தண்ணிக்கா இவ்ளோ கரண்டு?" என்று அம்மா கேட்டார். ஊற்றிய அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் ஒரே நாளில் சுழியத்துக்கு இறங்கிய பிறகுதான் குட்டித் திருக்கையைக் கொண்டுவந்தேன். போர்வெல் தண்ணீர் கடினமாக இருப்பதால் காவிரித் தண்ணீர்தான். அதையும் குளோரின் நீக்கிய பிறகே விடுகிறேன்.

செடியில்தான் சறுக்கினேன். பின்வரிசையில் நட்ட வாலிஸ்நேரியா என்ற நாடா இலை நீர்ச்செடி முழுவதையும் இரண்டே இரவில் திருக்கை தோண்டி மிதக்கவிட்டது. அதன் மேல் தப்பில்லை, மணலைக் கிளறித்தான் அது இரை தேடும். தரை முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் கட்டையில் பருத்தி நூலால் கட்டினேன். அவற்றின் கிழங்குத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும், அதனால் கட்டையே சரியான இடம். மேலே மணிபிளான்ட்: இலை வெளியே, வேர் தண்ணீரில். நைட்ரைட்டிலிருந்து கடைசியில் உண்டாகும் நைட்ரேட்டை அது நன்றாக இழுக்கிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுகிறேன்.

டிசம்பர் இரவுக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும். தொட்டிக்குள் வைத்தால் திருக்கை அதன்மேல் படுத்துச் சுட்டுக்கொள்ளும் என்பதால் கீழே சம்ப்பில், அதாவது தண்ணீர் வடிகட்டும் துணைத் தொட்டியில், வைத்திருக்கிறேன். திருக்கையின் வாலில் விஷமுள் உண்டு. மீன் எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் கையை விடுவதில்லை.

நேற்று இரவு இறால் தின்று முடித்ததும் ஓரங்களைப் படபடவென்று அடித்து மணலைத் தன்மேல் வாரிப் போட்டுக்கொண்டது. வெளியே தெரிந்தவை இரண்டு கண்களும், அவற்றுக்குப் பின்னால் திறந்து மூடும் இரண்டு மூச்சுத் துளைகளும் மட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் பக்கத்தில் கிடந்த ஃபெர்ன் இலைத் துண்டு லேசாக அசைந்தது.