வாசகசாலையில் ஒரு படம் காட்ட ஏழு வாரங்கள்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழக எல்லையை நடந்தே தொட்டுவிடக்கூடிய ஓர் ஊரில் எங்கள் வாசகசாலை இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுக்காவைச் சேர்ந்த இந்தப் பகுதியில் வீட்டில் பேசுவது தமிழ், அலுவலகக் காகிதத்தில் வருவது மலையாளம். அதனால் ஊரார் வாசகசாலையை மலையாள வழக்கில் 'வாயனசாலை' என்றே சொல்வார்கள். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது வாசகசாலையின் வனிதாவேதிக்கு, அதாவது பெண்கள் அமைப்புக்கு, பொறுப்பாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அங்கே இரண்டு படங்களைத் திரையிட்டோம். படம் காட்ட நினைக்கும் வேறு வாசகசாலைகள் நாங்கள் தட்டித் தடுமாறிய இடங்களில் மறுபடியும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேச்சு தொடங்கியது வாசிப்பு வாரத்தில். 1945இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டிக் கிரந்தசாலை இயக்கத்துக்கு, அதாவது நூலக இயக்கத்துக்கு, அடித்தளம் இட்ட பி. என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19ஐக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. அதையொட்டி நடந்த கூட்டத்தில் பால் சங்கத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா எழுந்து, "டீச்சர், நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு வந்து புத்தகத்தை எடுத்தா பத்துப் பக்கத்துல கண்ணு சொக்குதுங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கற மாதிரி நல்ல படமாப் போடுங்களேன்" என்றார். கமிட்டியில் இருவர் தயங்கினார்கள். வாசகசாலை கொட்டகையாகிவிடும் என்பது அவர்கள் கவலை. 1965இல் திருவனந்தபுரத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் அவர் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே, படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசும் பழக்கம் இந்த மாநிலத்தில் வேரூன்றியிருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னேன். மாதம் ஒரு படம், கட்டணம் இல்லை, படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டோம்.

அடுத்த வாரமே ஓர் இளைஞர் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதில் நாற்பது படங்கள் இருந்தன. எங்கிருந்து எடுத்தவை என்று நான் கேட்டதும் அவர் முகம் வாடியது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஊருக்கு நல்லது செய்யும் ஆர்வத்தில் இரண்டு இரவு விழித்திருந்து சேர்த்திருக்கிறார். ஆனால் ஒரு புத்தகம் வாங்கினால் அதற்குப் பற்றுச்சீட்டு வைத்து, பதிவேட்டில் எண் எழுதி, முத்திரை குத்தி அலமாரியில் அடுக்குகிற இடம் எங்களுடையது. அந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு யாரோ திருடிப் பதிவேற்றிய படத்தை ஊருக்குக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. உரியவரிடம் கேட்டு வாங்கித்தான் காட்டுவது என்று அன்று முடிவுசெய்தோம். இந்த அனுபவத்தில் நான் பெருமைப்படும் முடிவு அது ஒன்றுதான்.

கட்டணம் வாங்காமல் காட்டினால் அனுமதி தேவையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவை உட்கார்ந்து படித்தபோதுதான் தெளிவு பிறந்தது. கட்டணமில்லாப் பார்வையாளர்களுக்கு முன் அமெச்சூர் மன்றங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு இலக்கியம், நாடகம், இசை ஆகியவற்றைத்தான் சொல்கிறது, திரைப்படத்தைச் சொல்லவில்லை. கல்வி நிறுவனங்களுக்கான விலக்கில் திரைப்படம் வருகிறது. அங்கேயோ பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் என்று அந்த நிறுவனத்தோடு நேரடித் தொடர்புடையவர்களாக மட்டுமே இருக்க வேண்டும். ஆகவே தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளி தன் மாணவர்களுக்குக் கேட்காமல் காட்டக்கூடிய ஒரு படத்தை, இந்தப் பக்கம் இருக்கும் வாசகசாலை ஊராருக்குக் கேட்காமல் காட்ட முடியாது.

பழைய படம் என்றால் தொல்லை இல்லையே என்று அடுத்து யோசித்தோம். நம் நாட்டில் ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அந்தக் கணக்கில் சார்லி சாப்ளின் 1921இல் வெளியிட்ட 'தி கிட்' எப்போதோ பொதுவுடைமை ஆகியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் மொழிச் சிக்கல் இராது. ஆனால் இன்று நமக்குக் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் ஒலிக்கும் இசை, சாப்ளின் 1971இல் அந்தப் படத்துக்காகப் புதிதாக அமைத்தது. படத்தின் காலம் முடிந்தாலும் இசையின் காலம் முடியவில்லை. இசையை நிறுத்திவிட்டு ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த யாரையாவது உட்கார வைக்கலாமே என்று கூடப் பேசினோம். அதை இன்னொரு நாளைக்கு என்று ஒதுக்கிவிட்டு, உயிரோடிருக்கும் கலைஞர்களிடமே கேட்பது என்று தீர்மானித்தோம். வீட்டுச் சந்தாவை வைத்து இணையத் தளத்திலிருந்து போட்டுக்காட்டும் யோசனையும் அத்தோடு நின்றது, ஏனென்றால் அந்தச் சந்தாவின் நிபந்தனையிலேயே அது வீட்டாரின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது.

முதலில், ஆற்று மணலைப் பற்றி மலையாளத்தில் ஓர் ஆவணப்படம் எடுத்தவருக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. பணம் வேண்டாம், படம் முடிந்ததும் மக்கள் என்ன பேசினார்கள் என்று எழுதி அனுப்புங்கள் என்பது ஒன்றே அவருடைய நிபந்தனை.

தமிழ்க் கதைப்படத்துக்கு அப்படி நடக்கவில்லை. தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிய முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, உரிமை எங்களிடம் இல்லை, தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். தொலைக்காட்சியினர் தங்களிடம் ஒளிபரப்பு உரிமை மட்டுமே இருப்பதாகச் சொன்னார்கள். திரையரங்கு விநியோகஸ்தர் தம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார். ஒரே படத்தின் உரிமை இப்படித் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும் என்பதையும், ஒவ்வொருவரும் தம் துண்டை மட்டுமே அறிவார்கள் என்பதையும் நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் என் கேள்வியை மாற்றினேன். 'படம் காட்ட அனுமதி வேண்டும்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'வணிக நோக்கமற்ற, கட்டணமில்லாத, ஒருமுறை மட்டுமான பொதுத் திரையிடல் உரிமையை நீங்கள் வேறு யாருக்காவது எழுதிக்கொடுத்திருக்கிறீர்களா?' என்று தயாரிப்பாளரிடம் கேட்டேன். அவர் தம் ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்த்து, யாருக்கும் கொடுக்கவில்லை, அது என்னிடமேதான் இருக்கிறது என்று எழுதினார். 2,500 ரூபாய் கட்டணம், குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட அரங்கு, திரையிடும்போது யாரும் பதிவுசெய்யக் கூடாது, முடிந்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கையெழுத்திட்ட கடிதம் வந்து சேர்ந்தபோது ஏழு வாரங்கள் முடிந்திருந்தன. கடிதம் எழுதுகிறவர்கள் நாள், இடம், இருக்கைகளின் எண்ணிக்கை, கட்டணம் உண்டா இல்லையா என்ற நான்கையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நான் வாசகசாலையின் வரலாற்றை ஒன்றரைப் பக்கம் எழுதி, கேள்வியைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். பதில் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தணிக்கைச் சான்றிதழைப் பொறுத்தவரை சிரமம் இல்லை. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் (சினிமாட்டோகிராஃப்) சட்டப்படி பொதுவில் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். இரண்டு படங்களுக்கும் 'யு' சான்றிதழ் இருந்ததால் அதன் நகலை அனுமதிக் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தோம். 2023 திருத்தத்துக்குப் பிறகு 'யுஏ' பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பாலவேதி என்னும் வாசகசாலைச் சிறுவர் அமைப்பின் குழந்தைகளை உட்கார வைக்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்துக்கும் பஞ்சாயத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம்.

அறையைத் தயார்செய்வதில்தான் உடல் உழைப்பு முழுவதும் போயிற்று. முற்றத்தில் திரை கட்டுவது என்பது முதல் திட்டம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் ஆடி மாதத்தில் வீசும் காற்றை அறிந்தவர்கள் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்; சோதனைக்குக் கட்டிய வேட்டி பாய்மரம்போல் உப்பிக் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே உள்ளே வந்தோம். வடக்குச் சுவரை இரண்டு கை வெள்ளையடித்து அதையே திரையாக்கினோம். பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய 3,000 லூமன் புரொஜெக்டர் இருட்டிய பிறகு போதுமானதாக இருந்தது. ஒலிதான் எங்களைப் படுத்தியது. வெற்றுக் கான்கிரீட் சுவர்களில் மோதி ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை கேட்டது. ஊரில் கல்யாண வீடுகளுக்கென்று வைத்திருந்த பவானி ஜமுக்காளங்கள் ஆறை வாங்கிப் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் தொங்கவிட்டோம், எதிரொலி அடங்கியது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கு அடிக்குக் குறைவாக இருந்தால், முன்வரிசையில் இருப்பவர்களின் தலை, படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை, அதாவது துணைத்தலைப்பை, மறைத்துவிடும். ஆள் இல்லாத அறையில் சோதித்துப் பார்த்தால் இது தெரியாது.

நேரத்தை ஊரின் வேலைதான் முடிவுசெய்தது. இந்தத் தாலுக்காவிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. மரம் ஏறுகிறவர்கள் மாலை ஏற்றத்தை முடித்துவிட்டு வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிடும். பால் ஊற்றும் வேலையும் அதற்குள் முடிய வேண்டும். சனிக்கிழமை ஏழு மணி என்று வைத்தோம்.

ஆவணப்படம் மலையாளம் என்பதால் இயக்குநரின் ஒப்புதலோடு அதற்குத் தமிழ்த் துணைத்தலைப்புகளை நானே எழுதினேன். நாற்பது நிமிடப் படத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. சொன்னதையெல்லாம் எழுதினால் கண் படத்தைப் பார்க்காது. இரண்டு வரிக்குள், ஒருவர் மூச்சு விடாமல் படிக்கும் அளவுக்குள் அடக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் 'கொ', 'போ' போன்ற எழுத்துகளெல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறித் தெரிந்தன. யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்து, வேறொரு பிளேயரில் போட்ட பிறகே சரியாயிற்று.

திரையிடல் நாளன்று ஐம்பத்துநான்கு பேர் வந்தார்கள். பத்து நிமிடம் போவதற்குள் என் கணக்கு தவறு என்று புரிந்துவிட்டது. தமிழ் பேசும் குழந்தைகளுக்காகவும் இளம் தாய்மார்களுக்காகவும் அந்தத் துணைத்தலைப்பை எழுதியிருந்தேன். அவர்களில் பெரும்பாலோர் மலையாள வழியில் படித்தவர்கள், ஆகையால் மலையாள வசனம் காதிலேயே புரிந்துவிடுகிறது, கீழே ஓடும் தமிழைத்தான் படிக்கத் தெரியவில்லை. அந்த எழுத்து உண்மையில் தேவைப்பட்டவர்கள் பாட்டிமார்கள். மலையாளத்தைச் சந்தைக்கு வேண்டிய அளவுக்கு அறிந்த அவர்களில் சிலர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு எங்கள் எழுத்து சிறியதாக இருந்தது. நடுவில் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவருக்காக உரக்க வாசிக்கத் தொடங்கினார். யாரோ பின்னாலிருந்து சத்தம் என்றார்கள். உடனே மூன்று நான்கு குரல்கள், "வாசிக்கட்டும், எங்களுக்கும் வேணும்" என்றன. மிச்சப் படம் முழுவதையும் அந்தப் பாட்டி வாசித்தார். அவர் வாசிப்பைக் கேட்டுக் குழந்தைகள் திரையில் எந்தச் சொல் எந்த எழுத்து என்று விரலால் காட்டிக்கொண்டிருந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவளுக்கு அதைவிட மனம் நிறைந்த மாலை அமைந்ததில்லை.

செப்டம்பரின் இரண்டாம் சனிக்கிழமை தமிழ்ப் படத்தைக் காட்டியபோது இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டே தயாரானோம். தயாரிப்பாளரிடம் மீண்டும் கேட்டு, இம்முறை மலையாளத் துணைத்தலைப்பு போட்டோம். எங்களோடு இதுவரை வராத மலையாளக் குடும்பங்கள் ஒன்பது வந்தன. வாசலருகே மேசை போட்டு, படத்தின் களமான நெசவைப் பற்றி இரு மொழியிலும் எங்களிடம் இருந்த நூல்களைப் பரப்பிவைத்தோம். அன்று இரவே பதினொரு நூல்களைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன். பேச்சு அரை மணியைத் தாண்டி ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. மறுநாள் காலை கோப்பை அழித்து, அழித்ததாகத் தயாரிப்பாளருக்கு எழுதினேன்.

பென்டிரைவைக் கொண்டுவந்த இளைஞர்தான் இப்போது அனுமதிக் கடிதங்களை எழுதுகிறார். அடுத்த படத்துக்காக அவர் அனுப்பிய கடிதத்துக்கு நான்காம் நாளே பதில் வந்திருக்கிறது. ஜமுக்காளங்களைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம். துணைத்தலைப்பின் எழுத்தை இம்முறை ஒன்றரை மடங்கு பெரிதாக்கியிருக்கிறேன்.